லைக்கா எம் கமரா லென்ஸை அடையாளம் காணாவிட்டால்: பாவித்த கமரா வாங்கியவர்களுக்கான முழு வழிகாட்டி

பாவித்த லைக்கா எம் கமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முறைப்பாட்டோடுதான் வருகிறார்கள். "லென்ஸைக் காட்டுதில்லை அண்ணா, உள்ளுக்குள்ள சென்சர் போயிட்டுது போல." லென்ஸை வாசிக்கும் அந்தச் சென்சர் உண்மையிலேயே பழுதாகியிருந்த கமராக்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆனால் அதைவிடப் பலமடங்கு கமராக்கள் ஒரு பஞ்சுத் துண்டாலோ மெனுவில் ஒரு மாற்றத்தாலோ சரியாகித் திரும்பிப் போயிருக்கின்றன. இடையில் சிலர் அவசரப்பட்டு மவுண்டை (லென்ஸ் பூட்டும் உலோக வளையத்தை) கழற்றி, நல்ல கமராவைக் கெடுத்துக்கொண்டும் வந்தார்கள். அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முந்தைய படியைத் தாண்டிவிட்டால் அடுத்த படியில் கிடைக்கும் பதிலை நம்ப முடியாது.

1. கமரா எதைப் பார்த்து லென்ஸை அறிகிறது

கெனன், நிக்கோன் பாவித்தவர்கள் முதலில் லென்ஸின் பின்பக்கத்தைத் திருப்பி, செம்பு நிற முனைகளைத் தேடுவார்கள். எம் மவுண்டில் அப்படி எதுவும் இல்லை. லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவே மின்தொடர்பு கிடையாது.

கமரா இரண்டு விடயங்களைப் பார்க்கிறது. முதலாவது, லென்ஸின் பின்வளையத்தில் வரிசையாக இருக்கும் 6 சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் கறுப்பு அல்லது வெள்ளைப் பூச்சு இருக்கும். கறுப்பு என்றால் 1, வெள்ளை என்றால் 0. இந்த ஆறும் சேர்ந்ததுதான் லென்ஸின் குறியீடு. மொத்தம் 64 விதமாக அடுக்கலாம். கமராவின் மவுண்ட் வளையத்தில் உள்ள சிறிய கருமையான ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் ஒளி உணரிகள் அந்தக் குழிகளை வாசிக்கின்றன. 2006இல் எம்8 கமராவுடன் வந்த ஏற்பாடு இது.

இரண்டாவதைத்தான் பலர் அறிவதில்லை. லென்ஸை மாட்டும்போது அதன் பின்வளையத்தில் உள்ள ஒரு நாக்கு கமராவுக்குள் ஒரு நெம்பைத் தள்ளி, வியூஃபைண்டரில் எந்த ஃபிரேம் கோடுகள் (படத்தில் விழும் பகுதியைக் காட்டும் கோடுகள்) தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அந்த நெம்பு எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் கமரா கணக்கில் எடுக்கிறது. குழிகள் ஒரு லென்ஸைச் சொல்ல, நெம்பு வேறொன்றைச் சொன்னால் கமரா அந்த லென்ஸை ஏற்காமல் விடலாம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடையாளம் காணாவிட்டால் என்ன நட்டம்? ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. 28, 21 மில்லிமீற்றர் போன்ற அகல லென்ஸ்களில் மூலைகள் கூடுதலாக இருளும், ஓரங்களில் நிறம் ஏறும். எம்9இல் ஒரு பக்க ஓரம் சிவப்பாகத் தெரிவது இதில்தான் வரும். தானியங்கி ஐஎஸ்ஓவை லென்ஸைப் பொறுத்து ஷட்டர் வேகம் தெரிவுசெய்யும்படி வைத்திருந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது. 50, 90 மட்டும் பாவிக்கிறவர் கவலைப்பட வேண்டிய அளவு இல்லை. அகல லென்ஸ் பாவிக்கிறவர் கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

உங்களிடம் இருப்பது எம் லென்ஸ் மாட்டக்கூடிய எப்சன் ஆர்-டி1 கமரா என்றால் இதோடு நிறுத்தலாம். 2004இல் வந்த அந்தக் கமராவில் லென்ஸ் கண்டறியும் வசதியே இல்லை. இல்லாத ஒன்றைத் திருத்த முடியாது.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முழுதாகச் சேர்ஜ் ஏற்றிய பற்றரி, 32 ஜிபிக்கு மேற்படாத எஸ்டி காட், ஒரு பூதக்கண்ணாடி, சிறிய டோர்ச், ரப்பர் ஊதுகுமிழ், பாமசியில் வாங்கும் கொட்டன் பட், ஐசோபுரொப்பைல் அல்கஹோல் கொஞ்சம், ஒரு வெள்ளைத் தாள், குறிப்பெடுக்க ஒரு கொப்பி. கொப்பியை விட்டுவிடாதீர்கள். மூன்றாவது லென்ஸை மாட்டும்போது முதலாவது என்ன காட்டியது என்று யாருக்கும் நினைவிருக்காது.

முடிந்தால், நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த குறியீடுள்ள லென்ஸ் ஒன்றை நண்பரிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்குங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி அதுதான். எதனால் என்று 7ஆம் படியில் தெரியும்.

கொழும்புக் காற்றுக்கு இன்னொரு சொல். ஏசி அறையிலிருந்தோ ஏசி வாகனத்திலிருந்தோ எடுத்த கமராவை உடனே திறந்து சோதிக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்திலும் கண்ணாடியிலும் ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள். பனித்த ஜன்னலை வைத்துச் செய்த சோதனை எதையும் நிரூபிக்காது.

3. கமராவை ஒரு நிலைக்குக் கொண்டுவருதல்

பற்றரியையும் காட்டையும் போட்டு, அடித்தட்டை முழுதாகப் பூட்டுங்கள். எம்8, எம்9 இரண்டிலும் அடித்தட்டு சரியாகப் பூட்டவில்லை என்றால் கமரா வேலை செய்யாது. அரைகுறையாகப் பூட்டிவிட்டு "கமரா விட்டுவிட்டு வேலை செய்கிறது" என்று வந்தவர்கள் உண்டு.

பலவீனமான பற்றரியால் வரும் குழப்பங்கள் லென்ஸ் கோளாறு போலவே தோன்றும். எம்8, எம்9 பற்றரிகள் இப்போது வயதானவை. பாவித்த கமராவோடு வந்த பற்றரியை நம்பாதீர்கள்.

காட்டை கமராவிலேயே ஃபோர்மட் செய்யுங்கள். மெனுவில் ஃபேர்ம்வெயார் (கமராவின் உள் மென்பொருள்) இலக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கமராவுக்குப் பின்னர் வெளியான லென்ஸ் ஒன்றைப் பழைய ஃபேர்ம்வெயார் அறிந்திருக்காது. புதுப்பிப்பதாக இருந்தால் பற்றரி முழுதாக இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பாதியில் கரண்ட் நின்றால் கமராவே எழும்பாமல் போகும்.

4. மெனுவைப் பாருங்கள்

இது சின்ன விடயம். ஆனாலும் இங்கேயே முடிந்துபோகிற முறைப்பாடுகள் ஏராளம். முந்தைய உரிமையாளர் எப்படி வைத்திருந்தாரோ அப்படியே கமரா உங்கள் கைக்கு வந்திருக்கும்.

எம்9, எம்240, எம்10 ஆகியவற்றில் லென்ஸ் கண்டறிதல் என்ற பகுதியில் நிறுத்தம், தானியங்கி, கைமுறை என்று தெரிவுகள் இருக்கும். இப்போதைக்குத் தானியங்கியில் வையுங்கள். எம்8இல் கைமுறைப் பட்டியல் இல்லை. நிறுத்தம், இயக்கம், யூவி/ஐஆர் ஃபில்டரோடு இயக்கம் (இதைப் பற்றி 10ஆம் படியில்) என்ற மூன்றுதான். இயக்கத்தில் வையுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி விடும் பிழை: குறியீடில்லாத ஒரு லென்ஸுக்காகக் கைமுறையில் 35 என்று வைத்துவிட்டு, அப்புறம் குறியீடில்லாத இன்னொரு லென்ஸை மாட்டுவார்கள். கமராவுக்கு லென்ஸ் மாறியது தெரியாது. படங்கள் எல்லாவற்றிலும் 35 என்றே பதியும், திருத்தமும் 35க்கானதாகவே நடக்கும். ஒரு நாள் முழுக்க எடுத்த படங்கள் இப்படிக் குழம்பியதைப் பார்த்திருக்கிறேன்.

5. லென்ஸை மாட்டும் முறை

கமராவை நிறுத்துங்கள். லென்ஸின் புள்ளியைக் கமராவின் புள்ளியோடு நேராக்கி உள்ளே வைத்து, 'கிளிக்' என்ற சத்தம் வரும்வரை திருப்புங்கள். சத்தம் வந்த பிறகு லென்ஸை மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். அசையக்கூடாது. அப்புறம் கமராவை இயக்குங்கள்.

ஒரு மில்லிமீற்றர் குறைவாகத் திரும்பியிருந்தாலும் ஆறு குழிகளும் ஆறு உணரிகளுக்கு நேரே வராது. திருகுவகை லென்ஸை அடாப்டரில் போட்டு மாட்டுகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அடாப்டர் கமராவில் பூட்டியிருக்கும், லென்ஸ் அடாப்டரில் இறுக்காமல் இருக்கும். அல்லது லென்ஸைத் திருகும்போது அடாப்டரே சற்றுப் பின்வாங்கியிருக்கும்.

இப்போது ஒரு படம் எடுத்து, அதன் விபரத் திரையில் குவியத் தூரம் வருகிறதா என்று பாருங்கள். என்ன வந்தது என்பதை அப்படியே கொப்பியில் எழுதுங்கள்: எதுவும் வரவில்லையா, வேறு லென்ஸ் வந்ததா, ஒருமுறை வந்து ஒருமுறை வராமல் போகிறதா. மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். படத்தில் பதியும் அபேர்ச்சர் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எம் கமராவுக்கு அபேர்ச்சர் வளையம் எங்கே நிற்கிறது என்று தெரியாது. அது வெளிச்சத்தை வைத்துச் செய்த கணிப்பு மட்டும்.

ட்ரை-எல்மார் 16-18-21 வைத்திருப்பவர்களுக்கு: மாட்டியதும் எந்தக் குவியத் தூரம் என்று கமரா உங்களைக் கேட்பது கோளாறு அல்ல. அந்த லென்ஸின் குறியீடு ஒன்றுதான், மூன்றில் எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

6. ஆறு குழிகளையும் கண்ணால் வாசியுங்கள்

இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸைக் கழற்றி, பின்வளையம் மேலே பார்க்க வெள்ளைத் தாளில் வையுங்கள். கமராவின் வாயை உடனே மூடியால் மூடுங்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு குழியாகப் பாருங்கள். மேலிருந்து நேரே அடிக்கும் வெளிச்சத்தில் எல்லாம் பளபளத்துப் பிழையாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் பூச்சு உரிந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

தெரிந்ததை 1, 0 என்று எழுதுங்கள். மூன்று கேள்விகள்: கறுப்பு எங்காவது உதிர்ந்து உலோகம் மின்னுகிறதா? வெள்ளை எங்காவது அழுக்கால் கறுத்துவிட்டதா? ஏதாவது ஒரு குழியின் இடத்தில் ஸ்குரூவின் தலை வந்து குந்தியிருக்கிறதா?

ஒரு புள்ளி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மையான உதாரணம். (சமிக்ரொன், சமிலக்ஸ், எல்மாரிட் எல்லாம் லைக்கா லென்ஸ் வகைகளின் பெயர்கள்.) 50 மில்லிமீற்றர் சமிக்ரொன் எஃப்2 லென்ஸின் குறியீடு 100001. இரு ஓரங்களிலும் கறுப்பு, நடுவே நான்கு வெள்ளை. எம்9 ஒன்றோடு ஒரு தம்பி வந்தார். அவருடைய 50 சமிக்ரொனைக் கமரா சமிலக்ஸ் எஃப்1.4 என்று காட்டியது. விற்றவர் வேறு ஏதோ லென்ஸின் வளையத்தை மாற்றிப் பூட்டி ஏமாற்றிவிட்டார் என்று அவருக்குப் பெரிய மனவருத்தம். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். ஓரத்துக் குழி ஒன்றில் கறுப்புப் பூச்சு முழுதாகக் கழன்று, ஒரு கடுகளவு உலோகம் வெள்ளியாக மின்னியது. 100001 இல் கடைசி 1 போனால் 100000. அதுதான் 50 சமிலக்ஸ் ஏஎஸ்பிஎச் லென்ஸின் குறியீடு. இரண்டும் 50 என்பதால் ஃபிரேம் கோடும் ஒத்துப்போனது, கமராவுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. கமராவில் பிழை இல்லை. விற்றவர் மீதும் பிழை இல்லை. ஒரு கடுகளவு பூச்சு அவ்வளவுதான். அந்தத் தம்பியின் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 35 சமிக்ரொன் ஏஎஸ்பிஎச் லென்ஸின் குறியீடு 011110. இதில் கடைசிக் கறுப்பு உதிர்ந்தால் 011100, அது 28 எல்மாரிட் ஏஎஸ்பிஎச். ஆனால் லென்ஸின் நாக்கு 35க்கான கோட்டைத்தான் தள்ளும். குழிகள் 28 என்கின்றன, நெம்பு 35 என்கிறது. இரண்டும் பொருந்தாததால் கமரா அடையாளம் காணாமல் விட்டுவிடக்கூடும். அதே வகைப் பழுதுதான், ஆனால் ஒரு லென்ஸ் பிழையான பெயரைக் காட்டுகிறது, மற்றது எதையும் காட்டவில்லை. அதனால்தான் முன் படியில் என்ன வந்தது என்று எழுதச் சொன்னேன்.

சுத்தம் செய்வது எப்படி: முதலில் ஊதுகுமிழால் ஊதுங்கள். அப்புறம் உலர்ந்த கொட்டன் பட்டால் குழிகளின் மீது மெல்ல உருட்டுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் மட்டும் பட்டின் நுனியில் ஒரு துளி அல்கஹோல். லென்ஸின் உட்கிரீஸ் நம் ஊர் வெக்கையில் இளகி வளையத்துக்கு வருவதுண்டு. அதில் தூசு ஒட்டி வெள்ளைக் குழியைக் கறுப்பாக்கும். கியூடெக்ஸ் அழிக்கும் திரவத்தை மட்டும் தொடாதீர்கள். அதில் உள்ள அசற்றோன், உள்ள பூச்சையும் கரைத்து எடுத்துவிடும்.

கமராப் பக்கத்து ஜன்னலையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். கமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து ஊதிய பிறகு, உலர்ந்த பட்டால் ஒரே திசையில் ஒருமுறை துடைத்தால் போதும். அதில் திரவம் வேண்டாம். வழிந்து உள்ளே போனால் எடுப்பது கஷ்டம். ஊசி, பல்குத்தும் குச்சி போன்ற எதையும் கொண்டு குத்தாதீர்கள்.

குழிகளே இல்லாத வளையம் என்றால், அந்த லென்ஸில் குறியீடே இல்லை. 2006க்கு முந்தைய லைக்கா லென்ஸ்களில் பின்னர் போடுவித்திருந்தால் ஒழிய இருக்காது. வேறு நிறுவனங்களின் லென்ஸ்களிலும் பொதுவாக இருக்காது. நேரே 9ஆம் படிக்குப் போங்கள்.

7. ஃபிரேம் கோட்டைச் சோதியுங்கள், அப்புறம் மாற்றி மாட்டிப் பாருங்கள்

லென்ஸை மாட்டி வியூஃபைண்டருக்குள் பாருங்கள். எம்9 முதல் எம்11 வரை கோடுகள் இரண்டிரண்டாக வரும்: 28 உடன் 90, 35 உடன் 135, 50 உடன் 75. எம்8இல் மட்டும் 24 உடன் 35, 28 உடன் 90, 50 உடன் 75. உங்கள் லென்ஸுக்குரிய ஜோடி வருகிறதா? கோடுகள் தெளிவாக நிற்கின்றனவா, அல்லது இரண்டு ஜோடிகளுக்கு நடுவே பாதியில் தொங்குகின்றனவா?

பாதியில் தொங்கினால் நெம்பு முழுதாகப் போகவில்லை என்று பொருள். குழிகள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை.

கமராவின் முன்பக்கம் லென்ஸின் அருகே ஃபிரேம் தெரிவு நெம்பு இருந்தால், இங்கே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அந்த நெம்பை விரலால் தள்ளி, லென்ஸுக்குரிய சரியான ஜோடி வரும் நிலையில் பிடித்துக்கொண்டே ஒரு படம் எடுங்கள். இப்போது லென்ஸ் சரியாகப் பதிந்தால், குழிகளும் நலம், உணரிகளும் நலம். கோளாறு லென்ஸின் நாக்கிலோ அடாப்டரிலோ கமராவின் நெம்பிலோ மட்டும்தான். ஒரு நிமிடச் சோதனை இது, ஆனால் பாதிக் கோளாறை ஒரேயடியாக ஒதுக்கிவிடும். எம் டைப் 240 இலும் எம்-ஈ டைப் 220 இலும் இந்த வெளி நெம்பு இல்லை. எம்-பி 240 இலும் எம்10 இலும் இருக்கிறது.

ட்ரை-எல்மார் 28-35-50 வைத்திருந்தால் அதுவே ஒரு சோதனைக் கருவி. வளையத்தைத் திருப்பத் திருப்ப ஃபிரேம் கோடுகள் மாறும், கமரா அந்த மாற்றத்தை வைத்தே குவியத் தூரத்தை அறியும். இரண்டு நிலையில் சரியாகக் காட்டி மூன்றாவதில் மட்டும் தவறினால், உணரிகளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அடுத்தது இரவல் லென்ஸ். உங்கள் கமராவில் நண்பரின் லென்ஸ், நண்பரின் கமராவில் உங்கள் லென்ஸ். இரண்டையும் செய்யுங்கள், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். நண்பரின் லென்ஸை உங்கள் கமரா சரியாகக் காட்டினால் உங்கள் கமரா நலம். உங்கள் லென்ஸை நண்பரின் கமராவும் காட்டாவிட்டால் லென்ஸில்தான் குறை. உங்கள் கமரா எந்த லென்ஸையும் காட்டாவிட்டால் கமராப் பக்கம்.

இரண்டும் தனித்தனியே வேலை செய்து, சேரும்போது மட்டும் தவறுகின்றன என்றால், பொருத்தத்தில் மிகச் சிறிய விலகல் இருக்கிறது. தேய்ந்த மவுண்ட், தளர்ந்த லென்ஸ் வளையம், தரம் குறைந்த அடாப்டர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

8. இரவல் லென்ஸ் கிடைக்காதவர்கள் தாங்களே குறி போட்டுப் பார்த்தல்

கமராப் பக்கத்துச் சோதனைக்குக் குறியீடுள்ள லென்ஸ் எதுவும் அகப்படாவிட்டால், குறியீடில்லாத 50 லென்ஸ் ஒன்றில் 100001 என்று போட்டுப் பாருங்கள். இந்தக் குறியீட்டை நான் எப்போதும் தெரிவுசெய்வதற்குக் காரணம், இதை எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்றுதான். 28 சமிக்ரொன் ஏஎஸ்பிஎச் லென்ஸின் 011010 ஐப் போட்டால், திசை மாறினால் 010110 ஆகிவிடும். முதல் தடவை குறி போடுகிறவர்கள் பத்தில் பாதி நேரம் திசையை மாற்றித்தான் போடுவார்கள். 35 லென்ஸ் என்றால் 011110 போடலாம், அதுவும் இருபக்கமும் ஒன்றே.

இடம் சரியாக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். குறியீடுள்ள லென்ஸ் ஒன்றின் பின்வளையத்தை நண்பர் ஒருவர் டிரேசிங் தாளில் பிரதி எடுத்து அனுப்பினால் வசதி. மவுண்டின் நாக்குகளை வைத்துத் தாளைப் பொருத்திப் புள்ளிகளை மாற்றலாம். திருகுவகை லென்ஸ் பாவிக்கிறவர்கள் ஆறு குழி வெட்டிய அடாப்டரை வாங்கிவிடுவதே நல்லது. ஆனால் 28/90, 35/135, 50/75 என்று மூன்று வகை அடாப்டர்கள் உண்டு. லென்ஸுக்குப் பொருந்தாத வகையை வாங்கினால் நெம்பு பிழையான இடத்தில் நிற்கும், குறி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேலை செய்யாது.

அழியாத கறுப்பு மார்க்கரே சோதனைக்குப் போதும். பளபளப்பாகக் காயும் மை வேண்டாம், அது வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தும் உணரிக்குக் கறுப்பாகத் தெரியாத மைகளும் உண்டு. ஒரு பேனா வேலை செய்யாவிட்டால் அழித்துவிட்டு வேறொரு பேனாவால் போட்டுப் பார்த்த பிறகே கமராவைக் குறை சொல்லுங்கள். புறக்கோட்டையில் எழுதுகருவிக் கடைகளில் இரண்டு மூன்று வகை மார்க்கர் வாங்கி வைத்துக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. வெறும் உலோகம் பளிச்சென்று இருந்தால் வெள்ளைப் புள்ளிகளுக்குத் தனியாகப் பூச்சு தேவையில்லை. கறுப்பு வளையம் என்றால் வெள்ளையும் பூச வேண்டும்.

தட்டையான வளையத்தில் போட்ட குறி நாலைந்து தடவை மாட்டிக் கழற்றினால் தேய்ந்துவிடும். சோதனைக்கு அது போதும். நிரந்தரமாக வேண்டுமென்றால் குழி வெட்டி அதற்குள் பூசியதுதான் நிற்கும். வீட்டில் துளையிடும் இயந்திரத்தை எடுக்காதீர்கள். உலோகத் தூள் லென்ஸுக்குள் போனால் கழுவ முடியாது.

9. குறியீடே இல்லாத லென்ஸை என்ன செய்வது

எம்9உம் அதற்குப் பிந்தையவையும் வைத்திருப்பவர்கள் கைமுறைப் பட்டியலில் மிக நெருங்கிய லென்ஸைத் தெரிவுசெய்யலாம். பெயரைப் பார்த்துத் தெரிவுசெய்யாதீர்கள், படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். வெள்ளைத் தாளை நிழலில் சீரான வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு தெரிவிலும் ஒரு படம் எடுங்கள். மூலைகளின் நிறம் எந்தத் தெரிவில் நடுவோடு ஒத்துப்போகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குவியத் தூரமாக இருந்தாலும் வெவ்வேறு லென்ஸ்களின் பின்கண்ணாடி படம் பதியும் சென்சருக்கு அருகிலோ தூரத்திலோ இருக்கும், ஓர நிறம் அதைப் பொறுத்து மாறும்.

எதுவும் பொருந்தவில்லையா? கைமுறையை நிறுத்திவிட்டு, கணினியில் வெள்ளைத் தாள் படத்தை வைத்துத் திருத்துங்கள். கோர்னர்ஃபிக்ஸ் என்ற மென்பொருள் இதற்கென்றே உள்ளது. லைற்றூம் கிளாசிக்கிலும் இந்த வகைத் திருத்தம் இருக்கிறது.

தானியங்கியில் விட்டுவிட்டுக் குறியீடில்லாத லென்ஸை மாட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. வளையத்தில் உள்ள ஸ்குரூத் தலை, கீறல், கறை எதையாவது கமரா புள்ளியாக எடுத்துக்கொண்டு, இல்லாத லென்ஸை இருப்பதாக நினைத்துத் திருத்தம் செய்யும். அப்படி நடந்தால் அந்த லென்ஸுக்கு மட்டும் கண்டறிதலை நிறுத்திவிடுங்கள்.

10. எம்8 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக

எம்8 அகச்சிவப்பு ஒளியைக் கூடுதலாக உள்வாங்கும். செயற்கை இழைக் கறுப்புத் துணி ஊதாவாகப் பதியும். மழைநாளில் காலி வீதியில் கறுப்பு நைலோன் குடைகளை எடுத்தாலும், புதுக்கடை நீதிமன்ற வாசலில் சட்டத்தரணிகளின் கறுப்புக் கோட்டை எடுத்தாலும் கத்தரிப்பூ நிறம் ஏறும். இதற்குத்தான் லென்ஸின் முன்னால் யூவி/ஐஆர் ஃபில்டர் போடுகிறோம்.

ஃபில்டர் போட்டதும் அகல லென்ஸ்களில் வேறொரு பிரச்சினை வரும்: மூலைகள் பச்சை கலந்த நீலமாக மாறும். அதைக் கமராவே திருத்தும். ஆனால் லென்ஸை அடையாளம் கண்டிருக்க வேண்டும், மெனுவும் யூவி/ஐஆர் ஃபில்டரோடு இயக்கம் என்ற தெரிவில் இருக்க வேண்டும். எனவே கண்டறிதல் சரியானதும் இந்தத் தெரிவுக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். ஃபில்டர் இல்லாமல் இந்தத் தெரிவில் விட்டால் மூலைகள் எதிர்ப்பக்கமாகச் சிவக்கும். "லென்ஸ் சரியாகக் காட்டுது, மூலை மட்டும் சிவக்குது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஃபில்டரைக் கழற்றி வைத்திருக்கிறீர்களா என்பதுதான்.

எம்8இல் கைமுறைப் பட்டியல் இல்லாததால், கமராவே திருத்த வேண்டுமென்றால் அகல லென்ஸில் குறி போடுவதற்கு மாற்றுவழி கிடையாது. 8ஆம் படி உங்களுக்கு வெறும் சோதனை அல்ல.

11. கமராப் பக்கம்தான் பழுது என்று உறுதியானால்

இங்கே நிறுத்துங்கள். மவுண்ட் வளையத்தின் ஸ்குரூக்களைக் கழற்றாதீர்கள், தெருமுனைக் கடையில் கழற்றவும் விடாதீர்கள். எம் மவுண்டிலிருந்து சென்சர் வரை உள்ள தூரம் 27.80 மில்லிமீற்றர். அதைச் சரியாக வைப்பதற்காக வளையத்தின் அடியில் மெல்லிய தகடுகள் வைக்கப்பட்டிருக்கலாம். ஒன்று இடம் மாறினாலும் ரேஞ்ச்ஃபைண்டர் (ஃபோகஸ் பார்க்கும் பகுதி) காட்டுவது ஓரிடம், படத்தில் கூர்மையாக வருவது இன்னோரிடம் ஆகிவிடும். லென்ஸ் பெயர் பதியாத கமராவில் நல்ல படம் எடுக்கலாம். ஃபோகஸ் தவறும் கமராவில் எதையும் எடுக்க முடியாது.

எம்9 என்றால் திருத்தத்துக்குச் செலவழிக்குமுன் படம் பதியும் சென்சரையும் சோதித்துவிடுங்கள். எம்9இன் சிசிடி சென்சரின் மேற்கண்ணாடி அரிப்புக்குள்ளாவது தெரிந்த குறை, அதற்குரிய மாற்றுச் சென்சர்களை லைக்கா இப்போது வழங்குவதில்லை. வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எஃப்16இல் ஃபோகஸ் இல்லாமல் எடுத்து, 100 வீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் கறுப்பும் ஓரத்தில் வெளிச்ச வளையமுமாகப் புள்ளிகள் தெரிந்து, ஊதினாலும் துடைத்தாலும் போகாவிட்டால் அது அரிப்பு. அப்படியான கமராவில் லென்ஸ் கண்டறிதலைத் திருத்தப் பணம் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

சென்சர் நலம் என்றால், ரேஞ்ச்ஃபைண்டர் கமராக்களில் பழகிய ஒருவரிடம் அனுப்புங்கள். "லென்ஸ் காட்டுதில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும். உங்கள் கொப்பியில் உள்ளதை ஒரு பக்கத்தில் எழுதிக் கூடவே வையுங்கள்: ஃபேர்ம்வெயார் இலக்கம், எந்தெந்த லென்ஸ், ஒவ்வொன்றிலும் கண்ணால் வாசித்த ஆறு எண்கள், கமரா காட்டியது, வியூஃபைண்டரில் வந்த ஃபிரேம் ஜோடி, நெம்பைக் கையால் பிடித்தபோது நடந்தது, வேறு கமராவில் அதே லென்ஸ் காட்டியது. அடித்தட்டு, பற்றரி இரண்டையும் கமராவோடு அனுப்புங்கள். தவறிய லென்ஸ்களில் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள், மவுண்டின் சிறு விலகல்களை லென்ஸ் இல்லாமல் அவரால் பார்க்க முடியாது.